கயிற்றின் மேல் நிற்கும் நெற்குத்து

விண்வெளி, குவாண்டம், வேளாண்மை என்னும் மூன்று துறைகளையும் ஒரே புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் அடுத்தடுத்த பத்திகளாக எழுதும் வழக்கம், அரசுகளுக்கு இடையிலும் ஆய்வு நிறுவனங்களுக்கு இடையிலும் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. கையெழுத்து விழுந்த நாளுக்கும் அவ்வொப்பந்தத்தால் ஒரு வயலுக்கு ஏதேனும் பயன் விளைந்த நாளுக்கும் இடையே உள்ள தொலைவை நடந்து பார்த்தவர்கள், செயற்கைக்கோள் தரவுக்குக் களத்தரவு சேர்க்கும் தொழிலில் இருப்பவர்கள். களத்தரவு என்பது, மேலிருந்து எடுத்த படம் நெல் என்று சொல்லும் இடத்தில் உண்மையிலேயே நெல்தான் நிற்கிறதா, எப்போது நட்டது, எவ்வளவு விளைந்தது என்று நேரில் சென்று பதிந்து வருவது. தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூர் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு அத்தொழிலின் அனுபவத்தை எடுத்துரைக்க முனைகிறது இக்கட்டுரை. நிறுவனங்கள் ஒன்றுசேர்வதற்குப் பணமும் மனமும் குறைவதைக் காட்டிலும், ஒவ்வொன்றும் நிலத்தை வெவ்வேறு அளவையால் அளப்பதே பெருந்தடையாக நிற்கிறது என்பது அவ்வனுபவத்தின் சாரம்.

கீழப்பாவூர், திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 2019 நவம்பர் 22 அன்று பிரிந்த தென்காசி மாவட்டத்தின் ஒரு பேரூர். திருநெல்வேலி–தென்காசி சாலையில் உள்ள பாவூர்சத்திரத்தை ஒட்டியது. குற்றால மலையில் பிறந்து சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றின் கால்வாய்களும், அவை நிரப்பும் குளங்களும் இவ்வட்டாரத்து நஞ்சைக்கு ஆதாரம். தென்மேற்குப் பருவமழையை நம்பி ஆனியில் தொடங்கும் கார், வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசியில் தொடங்கும் பிசானம் என இரண்டு நெற்பருவங்கள் உண்டு. குறுவை, சம்பா என்ற காவிரிப் படுகைப் பெயர்களோடு கோயம்புத்தூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வரும் படிவத்தில் கார் என்பதற்கும் பிசானம் என்பதற்கும் கட்டம் இருப்பதில்லை. களப்பணியாளர் முதலில் செய்யும் திருத்தம் பெரும்பாலும் அதுதான். நஞ்சைக்கு அப்பால், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயம், தக்காளி, வெண்டை, கத்தரி, மிளகாய் எனக் காய்கறி விளைந்து பாவூர்சத்திரம் சந்தை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஏறுகிறது.

இந்த ஊரின் வேளாண்மையை வானிலிருந்து பார்ப்பதில் உள்ள முதல் இடர், ஊரார் ஆண்டு முழுதும் காத்திருந்து வரவேற்கும் ஒன்றாலேயே விளைவது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசி, குற்றாலத்தில் சாரல் விழுந்து, சீசன் களைகட்டும் அதே வாரங்களில்தான் கார் நெல் நடவாகிப் பச்சை பிடிக்கிறது. சூரிய ஒளி நிலத்தில் பட்டுத் திரும்புவதைப் படம்பிடிக்கும் ஒளியியல் செயற்கைக்கோளுக்கு அவ்வாரங்களில் தென்படுவது மேகத்தின் முதுகு மட்டுமே. ஆகவே கார் நெல்லைக் கணக்கிட ரேடார் செயற்கைக்கோளை நாட வேண்டியிருக்கிறது. அது தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியின் வலிமையைப் பதிகிறது. நுண்ணலைக்கு மேகம் தடையில்லை, இரவும் தடையில்லை.

ரேடாருக்கு நெல் தெரியும் விதம் நுட்பமானது. தொளி அடித்து நீர் தேக்கிய வயல் கண்ணாடிபோல் சமமாக இருப்பதால், சாய்வாக வந்து விழும் அலையை அது மறுபக்கம் சறுக்கிவிடுகிறது. எதிரொலி திரும்பாத வயல் படத்தில் கறுப்பாகப் பதிகிறது. நாற்று வேர்பிடித்துத் தூர்கட்டத் தொடங்கியதும், தண்டுகளுக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே அலை மோதித் திரும்ப, அதே இடம் வாரத்துக்கு வாரம் வெளிறுகிறது. முதலில் தாழ்ந்து பிறகு ஏறும் இக்கோடுதான் நெல்லின் அடையாளம். குளத்து நீரும் கறுப்பாகவே பதியும் என்றாலும் அது பருவம் முழுதும் கறுப்பாகவே இருப்பதால் பிரித்தறியலாம் என்று பாடநூல் சொல்லும். ஆடிக் காற்றில் கீழப்பாவூர்ப் பெரியகுளத்து நீர் அலையடிக்கும் நாளில் செயற்கைக்கோள் கடந்தால், சுருக்கம் விழுந்த நீர்ப்பரப்பு எதிரொலியைத் திருப்பியனுப்பிக் குளமும் வெளிறிவிடுகிறது என்பதைப் பாடநூல் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியவர் களப்பணியாளர். குளத்துக்குள் நெல் விளைந்ததாக வரைபடம் காட்டும்போது கணினி முன் இருப்பவர் மென்பொருளைத் திருத்தப் பார்ப்பார். கரையில் நின்றவர் அன்றைய காற்றை நினைவுகூர்வார். இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அரை நாளில் தீரும் இச்சிக்கல், இரண்டு நிறுவனங்களின் தலைமையகம் வழியாகக் கடிதமாகப் போனால் பருவம் முடிந்த பிறகே தீர்கிறது.

இந்தியாவில் விண்வெளித் துறையும் வேளாண் துறையும் முதன்முதலில் கைகோத்த இடம், கீழப்பாவூரிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம்தான். கேரளத் தென்னைகளைத் தின்றுகொண்டிருந்த வேர்வாடல் நோயை வானிலிருந்து கண்டறிய இயலுமா என்ற கேள்விக்கு விடை தேடி, இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப்படும் பி. ஆர். பிஷரோட்டி 1970-இல் ஹெலிகாப்டரில் அகச்சிவப்புப் படச்சுருளை ஏற்றித் தென்னந்தோப்புகளைப் படமெடுக்கச் செய்தார். நலமான இலை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்புவதால் அப்படச்சுருளில் அடர்சிவப்பாகப் பதியும். நோயுற்ற மரம் மங்கித் தெரியும். இந்தியா தன் முதல் செயற்கைக்கோளை 1975-இல் செலுத்துவதற்கு ஐந்தாண்டு முன்னரே, ராக்கெட் எதுவும் இல்லாமல், வேளாண் அறிவியலாரின் கேள்வி ஒன்றிலிருந்து இக்கூட்டு பிறந்தது என்பது எண்ணத்தக்கது. பிற்காலக் கூட்டுகள் பலவற்றில் கருவி முதலில் வந்து, அதற்கேற்ற கேள்வி பின்னர் தேடப்பட்டது. 1882 பெருவெள்ளத்துக்குப் பின் மத்தியத் திருவிதாங்கூரில் முதலில் கவனிக்கப்பட்ட அந்நோய் இன்று கணவாயைத் தாண்டிச் செங்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளிலும் காணப்படுகிறது. நோய் மாநில எல்லை பார்ப்பதில்லை, அதைப் பற்றிய தரவு மட்டும் இன்னும் பார்க்கிறது.

அதன்பின் 1974–75-இல் அனந்தபூர், பட்டியாலா மாவட்டங்களில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் இஸ்ரோவும் சேர்ந்து வான்படங்களால் பயிர்ப்பரப்பைக் கணக்கிட்டன. 1988 மார்ச் 17 அன்று பைக்கோனூரிலிருந்து ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ இந்தியாவுக்குச் சொந்தமான தொலையுணர்வுப் படங்களைத் தந்தது. 2012-இல் டெல்லியில் மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இவற்றினும் நெருக்கமான அனுபவம், கோவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பங்கேற்ற ரைஸ் என்னும் பன்னாட்டுத் திட்டம். நெல்லின் விளைச்சலை ரேடாரால் அறிந்து பயிர்க் காப்பீட்டுக்குப் பயன்படுத்துவது அதன் நோக்கம். பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரைசா எனும் பயிர் வளர்ச்சிக் கணிப்பு மாதிரியைத் தந்தது. சுவிட்சர்லாந்தின் சார்மேப் நிறுவனம் ரேடார் படங்களைப் பகுக்கும் மென்பொருளைத் தந்தது. சுவிஸ், ஜெர்மானிய வளர்ச்சி உதவி அமைப்புகள் துணைநின்றன. ஐரோப்பிய விண்வெளி முகமை 2014 ஏப்ரலில் ஏவிய சென்டினல்-1ஏ ரேடார் செயற்கைக்கோளின் படங்களைக் கட்டணமின்றி வழங்கியது. பல்கலைக்கழகம் களத்தையும் ஆட்களையும் தந்தது. 2016–17 வறட்சியில் நடவே செய்ய முடியாமற்போன நிலங்களை அடையாளம் காண இத்தரவு பயன்பட்டபோது, கூட்டு என்பது அறிக்கையைத் தாண்டி விவசாயியின் வங்கிக் கணக்கு வரை வந்ததைத் தமிழ்நாடு கண்டது.

இத்தகைய கூட்டு நடைபெறும் இடத்தில் அளவைகள் எப்படி மோதுகின்றன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோளுக்கு நிலம் என்பது படப்புள்ளிகளால் ஆனது. சென்டினல் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்றாலும், அது தெளிவாகப் பிரித்தறிவது 20 மீட்டர் அளவையே. வருவாய்த் துறைக்கு நிலம் என்பது சர்வே எண்ணும் அதன் உட்பிரிவும். அவற்றின் வடிவம் புலப்படத்திலும், அவற்றில் என்ன பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலிலும் இருக்கும். காப்பீட்டுக்கு நிலம் என்பது வருவாய்க் கிராமம். கிராமத்தின் சராசரி விளைச்சல் உத்தரவாத அளவுக்குக் கீழே போனால்தான் இழப்பீடு, ஒருவருடைய வயல் மட்டும் அழிந்து கிராமச் சராசரி நிமிர்ந்து நின்றால் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. புள்ளியியல் துறைக்கு நிலம் என்பது 5 மீட்டருக்கு 5 மீட்டர் கொண்ட அறுவடைச் சோதனைத் திடல். பெரியவர்களைக் கேட்டால் நிலத்தை இத்தனை மரக்கால் விதைப்பாடு, இத்தனை கோட்டை விதைப்பாடு என்று அது வாங்கும் விதையைக் கொண்டே சொல்வார்கள். 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. விதைக்கும் நிலத்துக்கும் உள்ள உறவையே அளவாகக் கொண்ட இம்முறையை ஏக்கராக மாற்றும்போது ஊருக்கு ஊர் சற்று வேறுபடும் என்பதால் படிவங்கள் அதை ஏற்பதில்லை. ஆயினும் ஒரு வயல் வளமானதா, தாராளமாக நீர் பாயக்கூடியதா என்பதை அறிய விரும்புபவருக்கு ஏக்கர்க் கணக்கைக் காட்டிலும் அப்பேச்சு மிகுதியாகச் சொல்லும்.

கீழப்பாவூர் நஞ்சையில் வயல்கள் சிறியவை; பாகப்பிரிவினையால் ஒரு சர்வே எண் பல உட்பிரிவுகளாகி, வரப்போரம் தென்னையும் நின்றுவிட்டால், ஒரே படப்புள்ளிக்குள் பாதி நெல்லும் பாதித் தென்னையும் விழுகின்றன. அப்புள்ளியின் எதிரொலி நெல்லினுடையதும் அன்று, தென்னையினுடையதும் அன்று. இதற்கு மேல், வருவாய்க் கிராம எல்லை என ஓர் அலுவலகம் தரும் மின்வரைபடமும் மற்றோர் அலுவலகம் தருவதும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் பொருந்தாமல் விலகி நிற்பதுண்டு. இரண்டும் ஒரே மூலப் புலப்படத்திலிருந்து வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களால் மின்னுருவாக்கப்பட்டவையாக இருக்கும். விலகல் ஒரு வயலகலமே என்றாலும், எல்லையோர வயல் எந்தக் கிராமத்துச் சராசரியில் சேரும் என்பதை அதுவே முடிவுசெய்கிறது. எந்த வரைபடத்தை ஏற்பது என்பதைக் கூட்டின் முதல் மாதத்திலேயே எழுத்தில் முடிவுசெய்யாத திட்டம், அறுவடைக்குப் பின் இழப்பீட்டுத் தகராறாக அதே கேள்வியைச் சந்திக்கிறது. ஒப்பந்தத்தின் நோக்கவுரையை நான்கு முறை திருத்தும் வல்லுநர்கள் இந்த ஒரு கேள்விக்கு ஒரு மாலையையும் ஒதுக்குவதில்லை என்பது இத்தொழிலில் இருப்போரின் நெடுநாள் மனக்குறை.

இவ்வளவைகள் யாவும் இறுதியில் வந்து சேரும் இடம் அறுவடைச் சோதனை. சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு ஒரு சர்வே எண்ணைத் தெரிந்து, வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து குறித்த அடி நடந்து, நான்கு முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, செங்கோணம் சரிதானா என்று மூலைவிட்டத்தை நாடாவால் அளந்து, உள்ளே உள்ள கதிரை மட்டும் அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, எடைபோட்டு, ஈரத்தைக் கழித்துக் கணக்கிடுவது அதன் முறை. ஓர் எக்டேர் என்பது இத்தகைய 400 திடல். ஆகவே தராசில் 100 கிராம் பிசகினால் எக்டேருக்கு 40 கிலோ பிசகும். 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை நடவு செய்த வயலில் திடலுக்குள் ஏறத்தாழ 1,250 குத்துகள் நிற்கும். அவற்றில் சுமார் 150 நான்கு பக்கக் கயிற்றையும் ஒட்டியவை. தூர் உள்ளே இருந்தால் கதிர் வெளியே சாய்ந்தாலும் சேர்க்க வேண்டும், தூர் வெளியே இருந்தால் கதிர் உள்ளே சாய்ந்தாலும் விட வேண்டும் என்பது விதி. தூரே கயிற்றின் மேல் நிற்கும் குத்தை என்ன செய்வது என்பதில்தான் வயலில் பேச்சு எழும். விளைச்சல் குறைவாகப் பதிந்தால் இழப்பீடு கிடைக்கும் என்பதால் வயல்காரர் அக்குத்தை வெளியே தள்ளப் பார்ப்பார். காப்பீட்டுப் பிரதிநிதி உள்ளே இழுக்கப் பார்ப்பார். அலுவலர் குனிந்து தூரைப் பிரித்து, பாதிக்கு மேல் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்.

வரப்பில் நடக்கும் இப்பேச்சுக்கு மதிப்புக்குரிய முன்வரலாறு உண்டு. 1940-களில் புள்ளியியலாளர் பி. சி. மகாலனோபிஸ் 4 அடி ஆரமுள்ள சிறு வட்டங்களை எண்ணிக்கையில் மிகுதியாக அறுத்துச் சோதிப்பதை ஆதரித்தார். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பி. வி. சுகாத்மே, சிறு திடலில் விளிம்புக் குத்துகள் உள்ளே சேர்ந்துவிடுவதால் விளைச்சல் கூடுதலாகத் தோன்றும் என வாதிட்டுப் பெரிய திடலை வலியுறுத்தினார். கணக்குப் போட்டுப் பார்த்தால், அவ்வட்டத்தின் சுற்றளவுக்கும் பரப்புக்கும் உள்ள விகிதம் இன்றைய 25 சதுர மீட்டர்த் திடலினுடையதைப்போல் இரு மடங்கு. இன்று செயற்கைக்கோள் விளைச்சல் கணிப்பைச் சரிபார்க்கும் மையத்துக்கு மகாலனோபிஸின் பெயர். அச்சரிபார்ப்புக்கு வயலில் கட்டப்படும் கயிறு சுகாத்மேயின் பக்கம் சாய்ந்தது. 2023 முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நெல்லுக்கும் கோதுமைக்கும் தொழில்நுட்பவழிக் கணிப்புக்குக் குறைந்தது 30 விழுக்காடு எடை தர வேண்டும் என்றாகிவிட்டது. மீதியைக் கயிறும் அரிவாளும் தராசுமே சொல்கின்றன. அந்த 30 விழுக்காட்டைப் பழக்குவதற்கும் முந்தைய பருவங்களின் கயிறுதான் பயன்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், தூரைப் பிரித்துப் பார்த்த அலுவலரின் கண் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது விளங்கும்.

குவாண்டம் இக்கதைக்குள் நுழையும் வாசல் கைப்பேசி. சோதனைத் திடலின் இருப்பிடத்தைச் செயலி பதிகிறது. அவ்விருப்பிடத்தைக் கைப்பேசி அறிவது, வழிகாட்டுச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேரக்குறிப்புகளை ஒப்பிட்டு. அலை ஒளியின் வேகத்தில் செல்வதால், ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தொலைவில் 30 சென்டிமீட்டர் பிசகும். அத்தகைய துல்லியத்தைத் தருவது அணுக்கடிகாரம். ரூபிடியம் அணு தன் இரண்டு நுண் ஆற்றல்நிலைகளுக்கு இடையே தாவ, நொடிக்கு ஏறத்தாழ 683 கோடி அதிர்வுகள் கொண்ட ஒரு குறிப்பிட்ட அலையை மட்டுமே ஏற்கும். ஆற்றல் தனித்தனிப் படிகளாகத்தான் இருக்கும், இடைப்பட்ட நிலை இல்லை என்னும் குவாண்டம் இயல்பே அக்கடிகாரத்தின் ஊசல். இந்தியாவின் நாவிக் வழிகாட்டு அமைப்பில் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்கள் ஐரோப்பாவிலிருந்து வாங்கிய கடிகாரங்களைக் கொண்டிருந்தன. 2013 ஜூலையில் ஏவிய முதல் செயற்கைக்கோளின் மூன்று கடிகாரங்களும் செயலிழந்தன. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவியது வெப்பக்கவசம் பிரியாததால் வீணாயிற்று. 2018 ஏப்ரலில்தான் மாற்று நிலைகொண்டது. 2023 மே 29 அன்று ஏவிய என்.வி.எஸ்.-01, அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய உள்நாட்டு ரூபிடியம் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. வாங்கிய பொருள் பழுதானால் அதன் உள்ளே பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு எவ்வளவு உண்டு என்பது, எந்தத் தொழில்நுட்பக் கூட்டிலும் விலைக்கு முன்னதாகப் பேச வேண்டிய செய்தி.

வயலைப் பொறுத்தவரை, தென்னை நிழலில் நிற்கும் கைப்பேசி சில மீட்டர் பிசகத்தான் செய்கிறது. சிறு வயலில் அப்பிசகு, திடலை அடுத்தவர் வரப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடும். அங்கே அவர் வெண்டை போட்டிருந்தால், வெண்டையின் எதிரொலிக்கு நெல்லின் விளைச்சல் என்று கணினி பாடம் கற்றுக்கொள்ளும். ஆகையால் வயலின் நடுவே, வானம் திறந்த இடத்தில், எண் நிலைபெறும் வரை சில நிமிடம் அசையாமல் நிற்பது பழகியவர்களின் வழக்கம். விண்வெளியில் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கைக் காப்பாற்றிய உழைப்பை, சேற்றில் நிற்கும் அச்சில நிமிடங்களே வயல்வரை கொண்டுவந்து சேர்க்கின்றன.

நாடுகளுக்கிடையிலான கூட்டின் ஏற்ற இறக்கங்களை அறியக் கீழப்பாவூர்க்காரர் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. தெற்கே திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அங்கே சோதிக்கப்படும் விகாஸ் எந்திரத்தின் மூலம் பிரெஞ்சு வைக்கிங் எந்திரம். 1974-இல் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் செய்த உடன்பாட்டில் இந்தியா ரொக்கத்தைக் காட்டிலும் தன் பொறியாளர்களின் உழைப்பையும் ஆயிரக்கணக்கான அழுத்த உணரிகளையுமே ஈடாகத் தந்தது. பிரெஞ்சுத் திட்டத்தில் உழைத்த பொறியாளர்கள் கையோடு அறிவையும் கொண்டுவந்தார்கள். அதற்கு நேர்மாறான முடிவைக் கண்டது கிரையோஜெனிக் எந்திரம், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் எந்திரம். 1991-இல் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாஸுடன் செய்த ஒப்பந்தம் அமெரிக்கத் தடையால் 1993-இல் சுருங்கி, எந்திரங்கள் மட்டும் வந்தன, தொழில்நுட்பம் வரவில்லை. உள்நாட்டு எந்திரம் 2014 ஜனவரி 5 அன்றுதான் வெற்றிகரமாகப் பறந்தது. தடைவிதித்த அதே நாட்டோடு அதே 2014 செப்டம்பரில் டொரன்டோவில் கையெழுத்தானது நிசார் ஒப்பந்தம்.

நிசார், நாசா தந்த நீள்அலை ரேடாரும் இஸ்ரோ தந்த அதனினும் குறுகிய அலை ரேடாரும் ஒரே 12 மீட்டர் பிரதிபலிப்பானைப் பகிர்ந்துகொள்ளும் செயற்கைக்கோள். நீள்அலை ஏறத்தாழ 24 சென்டிமீட்டர், சென்டினலின் 5.6 சென்டிமீட்டர் அலை இலைப்பரப்பிலேயே சிதறிவிட, இது தழையை ஊடுருவித் தண்டையும் ஈரமண்ணையும் தொடும். 2024-இல் பெங்களூரில் தயாராக இருந்தபோது பிரதிபலிப்பானில் வெப்பப் பாதுகாப்பு போதாது என்று கண்டு அதைக் கழற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிப் பூச்சிட்டுக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தத்திலிருந்து ஏறத்தாழ 11 ஆண்டு கழிந்து, 2025 ஜூலை 30 அன்று, மகேந்திரகிரியில் சோதித்துப் பழகிய அதே வகை கிரையோஜெனிக் நிலையைக் கொண்ட ஜி.எஸ்.எல்.வி. அதை விண்ணுக்குக் கொண்டுசென்றது. ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட எந்திரமே, மறுத்த நாட்டின் கருவியைச் சுமந்துபோனதில் உள்ள சுவையை நெல்லைச்சீமையில் யாரும் உரக்கச் சொல்லிக்கொள்வதில்லை, சொல்லிக்கொண்டாலும் தவறில்லை.

குவாண்டத்தையும் வேளாண்மையையும் நேரடியாக இணைத்து எழுதும் ஒப்பந்த வாசகங்களைச் சற்று ஐயத்தோடு படிப்பதே நலம். 2023 ஏப்ரல் 19 அன்று 6,003.65 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற தேசியக் குவாண்டம் இயக்கம் நான்கு மையங்களை அமைத்தது. கணினிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், தகவல்தொடர்புக்குச் சென்னை ஐ.ஐ.டி., உணரிகளுக்கு மும்பை ஐ.ஐ.டி., பொருள்களுக்கு டெல்லி ஐ.ஐ.டி. இவற்றுள் உழவருக்கு அருகில் வரக்கூடியது உணரி. குளிரூட்டி ஏறத்தாழ அசைவற்றதாக்கிய அணுக்கள் விழும் விதத்தைக் கொண்டு புவியீர்ப்பின் நுண் மாற்றத்தை அளக்கும் கருவிகள் உள்ளன. நிலத்தடியில் நீர் குறைந்தால் அவ்விடத்து ஈர்ப்பும் இம்மியளவு குறையும் என்பது அடிப்படை. குவாண்டம் உணரி இல்லாமலே, கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் தமக்கிடையிலான தொலைவின் மாற்றத்தைக் கொண்டு, 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதியில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததை வெளிப்படுத்தின. ஆனால் அக்கண்ணுக்குத் தெரிந்தது பல நூறு கிலோமீட்டர் அகன்ற நிலப்பரப்பு. ஒரு வட்டாரத்தின் கிணறுகளை அது பிரித்தறியாது. கிணற்று நீரை அளக்க இன்றைக்கு இங்கே நம்பத்தக்க கருவி, கயிற்றில் கட்டிய கல்.

இந்த அளவுக் குறைபாட்டைக் காட்டிலும் ஆழமான ஒரு குறை, எதைப் பார்ப்பது என்ற தேர்வில் இருக்கிறது. கார் பருவத்துக்கு ஏற்ற அம்பை 16 நெல் 110 நாள் பயிர். 12 நாளுக்கு ஒருமுறை கடக்கும் ரேடார் அதனை ஒன்பது முறை பார்த்துவிடும். 65, 70 நாளில் முடியும் சின்ன வெங்காயத்தை ஐந்து முறைதான் பார்க்கும். அதுவும் கால் ஏக்கர் வெங்காயம், அடுத்துக் கால் ஏக்கர் மிளகாய் என்று கிடக்கும் கிணற்றுத் தோட்டத்தில். ஆகவே தேசியத் திட்டங்கள் நெல்லையும் கோதுமையையும் கரும்பையும் பருத்தியையும் விரும்புகின்றன. கீழப்பாவூர் வட்டாரத்தில் கைக்காசு புரள்வது பாவூர்சத்திரம் சந்தையில். அங்கே விலை வீழ்ந்தால் ஏற்படும் இழப்பு எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரிவதில்லை. தெரிவதை அளந்துவிட்டு, அளந்ததே வேளாண்மை என்று அறிக்கை எழுதும் பழக்கத்தைக் களத்திலிருப்பவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் சுட்டிக்காட்டுகிறார்கள். குறிப்பேட்டில் அது ஏறுகிறது, திட்டத்தில் ஏறுவதில்லை.

தரவு வயல்காரரிடம் திரும்பி வருவதைப் பற்றியும் ஒரு சொல். 2024 இறுதியில் தமிழ்நாட்டில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தபோது, கிராம நிர்வாக அலுவலர்கள் அப்பணியை ஏற்க மறுத்ததால் வேளாண் கல்லூரி மாணவர்கள் வயல்வயலாக அனுப்பப்பட்டார்கள். சர்வே எண்ணைத் தேடி வந்த மாணவரிடம் வயல்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றே: சென்ற முறை வந்து எழுதிக்கொண்டு போனீர்களே, அது என்ன ஆயிற்று? தரவு மேலே போகும் வழி ஒப்பந்தத்தில் நிறுவனம் நிறுவனமாக வகுக்கப்பட்டிருக்கும். கீழே வரும் வழி எந்தத் துறையின் பொறுப்பும் அன்று. சோதனைத் திடலில் கிடைத்த எடையை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வயல்காரரிடமே கொடுத்துவிட்டு வரும் அலுவலருக்கு அடுத்த பருவத்தில் அவ்வூரில் இளநீர் கிடைக்கிறது. செயலியில் ஏற்றிவிட்டுப் பேசாமல் போகிறவருக்கு வரப்பில் வழிகூடக் கிடைப்பதில்லை.

நாள் குறிப்பதே இத்தொழிலின் கடைசிக் கணக்கு. செயற்கைக்கோள் எந்த நாள் காலை ஆறு மணியளவில் இவ்வட்டாரத்தைக் கடக்கும் என்பது ஆண்டு முழுமைக்கும் முன்கூட்டியே தெரியும். அறுவடைச் சோதனை அந்நாளை ஒட்டி அமைந்தால் படமும் எடையும் ஒன்றையொன்று சரிபார்க்கும். அதற்கேற்பக் கோவையும் டெல்லியும் அட்டவணை அனுப்புகின்றன. வயலிலோ அறுவடை இயந்திரம் வாடகைக்கு வெளியூரிலிருந்து வருகிறது. வண்டி இறங்கினால் ஒரே மூச்சில் பக்கத்து வயல்களையும் சேர்த்து முடித்துவிட்டுத்தான் நகரும், கயிறு கட்டுவதற்காக ஒருவர் வயலை விட்டுவிட்டு மறுநாள் திரும்பி வராது. வண்டி எந்த ஊரில் எப்போது இறங்கும் என்பதை அறிந்தவர் அதன் தரகர் ஒருவரே. ஆகவே காரறுப்புத் தொடங்கும் புரட்டாசியில், களப்பணியாளரின் கைப்பேசியில் செயற்கைக்கோள் அட்டவணைக்கு மேலே இருப்பது தரகரின் எண். இரவு எட்டு மணிக்கு மேல்தான் அவர் எடுப்பார், எடுத்தால் முதலில் கேட்பது, மழை வருமா என்பது.